லேப்டாப்புக்குக் காய்ச்சலா? முதலில் மூச்சு விட விடுங்க!

போன வருஷம் ஏப்ரல் மாசம். மினி புராஜெக்ட் ரிவ்யூவுக்கு இன்னும் இரண்டே நாள். ஹாஸ்டல் ரூமில் மெத்தை மேல் லேப்டாப்பை வைத்து, சார்ஜரைச் சொருகி, சிமுலேஷனை ஓடவிட்டிருந்தேன். ஃபேன் மிக்ஸி மாதிரி கத்திக்கொண்டிருந்தது. திடீரென்று ஸ்கிரீன் கறுப்பு. திரும்ப ஆன் பண்ணினால் பத்து நிமிஷத்தில் மறுபடியும் ஆஃப்.

மறுநாள் ஒரு கடையில் காட்டினேன். பிரித்துக்கூடப் பார்க்காமல், "மதர்போர்டு போயிருக்கு தம்பி, பதினெட்டாயிரம் ஆகும்" என்றார்கள். அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று முழித்துக்கொண்டிருந்தபோது, சீனியர் அண்ணன் ஒருத்தர் பின்மூடியைக் கழற்றினார். ஃபேனுக்கும் அதன் முன்னால் இருக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவில், கிழிந்த போர்வைத் துண்டு மாதிரி தூசி! அதை உரித்து எடுத்தோம், அவ்வளவுதான். இந்தக் கட்டுரையையும் அதே லேப்டாப்பில்தான் டைப் பண்ணுகிறேன்.

சூடு எந்த வழியாக வெளியே போகிறது?

நம்ம லேபில் இருக்கும் சாதாரண சால்டரிங் அயர்ன் 25 வாட். கேமிங் லேப்டாப்பில் இருக்கும் பிராசஸர் பலவும் 45 வாட். பிராசஸர் இழுக்கும் மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் மாறுகிறது. அதுவும் கட்டைவிரல் நகம் அளவுள்ள ஒரு சிப்பிலிருந்து.

அந்த வெப்பம் வெளியேற ஒரு பாதை இருக்கிறது. சிப்பின் மேல் தெர்மல் பேஸ்ட், அதற்கு மேல் செம்பில் செய்த ஹீட் பைப், அதன் முனையில் மெல்லிய தகடுகள், பக்கத்தில் ஃபேன், கடைசியில் வெளியே போகும் ஓட்டை. ஹீட் பைப் வெறும் கம்பி இல்லை. உள்ளே காற்றை எடுத்துவிட்டுக் கொஞ்சம் தண்ணீர் வைத்து மூடியிருப்பார்கள். சிப் பக்கம் தண்ணீர் ஆவியாகும், தகடு பக்கம் போய்க் குளிர்ந்து மறுபடி தண்ணீராகும், உள்சுவரில் இருக்கும் திரி வழியாகத் திரும்பி வரும்.

பேஸ்ட் எதற்கு? இரண்டு பரப்புகளும் பார்க்க வழவழப்பாக இருந்தாலும் நடுவில் நுண்ணிய இடைவெளிகள் இருக்கும். அங்கே காற்று உட்கார்ந்தால் வெப்பம் கடக்காது. அந்த இடத்தை நிரப்பத்தான் பேஸ்ட்.

இந்தப் பாதையில் எந்த ஒரு இடம் அடைத்தாலும் கதை முடிந்தது. மெத்தை காற்று உள்ளே போகும் ஓட்டையை அடைக்கும், தூசி தகடுகளை அடைக்கும், பேஸ்ட் காய்ந்தால் தொடக்கமே அடைபடும்.

உண்மையில் எது கெடும்?

பிராசஸர் அவ்வளவு சீக்கிரம் சாகாது. 95 - 100 டிகிரியை நெருங்கினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கேம் திடீரென்று லேக் ஆவதும், கம்பைல் இழுத்துக்கொண்டே போவதும் பல நேரம் இதனால்தான். அதையும் தாண்டினால் ஆஃப் ஆகிவிடும். என் லேப்டாப் செய்ததும் அதுதான். தன்னைக் காப்பாற்றிக்கொண்டது.

சத்தமில்லாமல் அடி வாங்குவது பேட்டரி. லித்தியம் அயான் பேட்டரிக்குச் சூடும் ஆகாது, எப்போதும் 100 சதவீதத்தில் நிற்பதும் ஆகாது. இரண்டும் சேர்ந்தால் ஆயுள் வேகமாகக் குறையும். பத்து டிகிரி கூடினால் வேதிவினையின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்று பிளஸ் டூவில் படித்த கணக்கு இங்கேயும் பொருந்தும். அடிக்கடி சூடாகி ஆறுவதால் சால்டர் இணைப்புகளும் மெல்ல மெல்லத் தளரும். ஓய்வே இல்லாமல் சுற்றும் ஃபேனும் தேயும்.

காய்ச்சலை அளந்து பாருங்க

விண்டோஸில் எச்டபிள்யூ மானிட்டர், லினக்ஸில் சென்சார்ஸ் கமாண்ட் போதும். கனமான வேலையில் 80 - 90 டிகிரி வருவது பல லேப்டாப்களில் சகஜம், பயப்பட வேண்டாம். ஆனால் சும்மா இருக்கும்போதே 75க்கு மேல் நின்றால் எங்கேயோ கோளாறு. முதலில் டாஸ்க் மேனேஜரில் எதுவும் பின்னணியில் சிபியுவைத் தின்கிறதா என்று பாருங்க. அங்கே ஒன்றும் இல்லையென்றால் அடைப்பைத் தேடுங்க.

என்ன பண்ணலாம்?

* மெத்தை, தலையணை, மடி வேண்டாம். பரீட்சை அட்டையை அடியில் வைத்தாலே பெரிய வித்தியாசம். பின்பக்கம் இரண்டு பாட்டில் மூடி வைத்துத் தூக்கினால் காற்று இன்னும் நன்றாகப் போகும்.

* ஆறு மாசத்துக்கு ஒருமுறை தூசி தட்டுங்க. வாரண்டி இருந்தால் திறக்கும் முன் அதன் நிபந்தனையைப் படியுங்க. ஆஃப் பண்ணி, சார்ஜரை எடுத்து, மூடியைக் கழற்றியதும் பேட்டரி கனெக்டரைப் பிரியுங்க. ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் சுற்றாமல் ஒரு பல்குச்சியால் பிடித்துக்கொள்ளுங்க. தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் போய்விடும். வாயால் ஊதாதீங்க, எச்சில் ஈரம் உள்ளே போகும்.

* இரண்டு மூன்று வருஷம் ஆன லேப்டாப், சுத்தம் பண்ணியும் கொதிக்கிறதென்றால் பேஸ்ட் மாற்றிப் பார்க்கலாம். பழக்கம் இல்லையென்றால் தெரிந்தவர் கையில் கொடுங்க.

* எப்போதும் சார்ஜரோடு இருப்பவர்கள் சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் செட்டிங்கைப் போடுங்க. பல கம்பெனிகளின் ஆப்பிலோ பயாஸிலோ இருக்கும்.

* பவர் ஆப்ஷன்ஸில் மேக்ஸிமம் பிராசஸர் ஸ்டேட்டை 99 ஆக்கினால் பெரும்பாலும் டர்போ வேகம் நின்றுவிடும். வேகம் கொஞ்சம் குறையும், சூடு நன்றாகவே குறையும்.

* ஸ்லீப்பில் போட்டு பேக்கில் திணிக்காதீங்க. உள்ளேயே விழித்துக்கொண்டால் காற்றுக்கு வழியில்லை.

கூலிங் பேடு வாங்கலாமா? காற்று இழுக்கும் ஓட்டை அடிப்பக்கம் இருந்தால் ஓரளவு உதவும். உள்ளே தூசி அடைத்திருந்தால் ஆயிரம் ரூபாய் பேடும் வீண்தான்.

ஒரே ஒரு எச்சரிக்கை. டச்பேட் மேலே எழும்பினாலோ, லேப்டாப் மேஜையில் சமமாக உட்காராமல் ஆடினாலோ பேட்டரி உப்பியிருக்கலாம். அந்த நிமிஷமே ஆஃப் பண்ணுங்க. சார்ஜ் போடாதீங்க, அழுத்தாதீங்க, குத்தாதீங்க. நேராக சர்வீஸுக்குக் கொண்டுபோங்க.

அங்கே யாராவது பெரிய தொகை சொன்னால், "பிரிச்சுக் காட்டுங்கண்ணா" என்று கேளுங்க. கேட்பதற்குக் காசு கிடையாது. நான் கேட்காமல் விட்டதற்குப் பதினெட்டாயிரம் போயிருக்கும்.