மழைக்காட்டில் மாடிக்கு மாடி வேறு வண்டுகள்

நிக்காஹ் பிரியாணியின் மணத்துக்கு ஜாதிக்காயும் ஜாதிபத்திரியும் வேண்டும். அந்த மரத்தில் பெரும்பாலும் ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மகரந்தம் சுமப்பது இரவில் நடமாடும் ஒரு சிறு வண்டு என்பதை, தென்னிந்தியாவில் நடந்து 1986இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

ஜாதிக்காய் மழைக்காட்டில் தோன்றிய மரம். அத்தகைய காடு பல மாடி வீடு போன்றது. மர உச்சிகள் சேர்ந்து பந்தலாக நிற்கும் மேல்மாடியில் வெயில், காற்று, தளிர், பூ, கனி எல்லாமே அதிகம். இலை தின்னும் வண்டுகளும் பூவை நாடும் வண்டுகளும் அங்கே திரள்கின்றன. கீழே இருட்டும் ஈரமும். மட்கிய மரம், சாணம், காளான் ஆகியவற்றை நம்பிய வண்டுகளுக்கு அதுவே வீடு.

உச்சியிலுள்ள இனங்களை எண்ணி உலகைத் திகைக்க வைத்தவர் அமெரிக்க ஆய்வாளர் டெர்ரி எர்வின். பனாமாவில் ஒரே வகையைச் சேர்ந்த 19 மரங்களில் பூச்சிமருந்துப் புகையடித்து, கீழே விழுந்தவற்றைச் சேகரித்தார். வண்டுகள் மட்டுமே சுமார் 1,200 இனங்கள்! ஒவ்வொரு மரவகைக்கும் அதற்கே உரிய வண்டுகள் உண்டு என்று கொண்டு, வெப்பமண்டலத்தில் பூச்சி முதலான கணுக்காலிகள் 3 கோடி இனங்கள் இருக்கலாம் என 1982இல் கணக்கிட்டார்.

பல வண்டுகள் ஒன்றுக்கு மேற்பட்ட மரவகைகளில் வாழ்வது தெரியவந்ததும், பின்வந்தோர் அந்த எண்ணை வெகுவாகக் குறைத்தனர். தரையைவிட உச்சியில் இருமடங்கு இனங்கள் என்ற அவரது அனுமானமும் எங்கும் பொருந்தவில்லை. ஆஸ்திரேலிய மழைக்காட்டில் பொறிவைத்துப் பிடித்த சுமார் 30,000 வண்டுகளை ஆராய்ந்து 2006இல் வெளியான ஆய்வில், மேலும் கீழும் இனங்களின் எண்ணிக்கை ஏறக்குறைய சமம். ஆனால் கணிசமான இனங்கள் ஏதேனும் ஒரு மாடியையே பெரிதும் சார்ந்திருந்தன.

நம் களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் காக்காச்சிக் காட்டிலும் சௌபத்ரா தேவியும் பிரியா டேவிதாரும் மரங்களின் பூக்களை ஆராய்ந்தனர். மகரந்தம் சுமப்பவர்களில் தேனீக்களோடு வண்டுகளுக்கும் முக்கிய இடம் இருப்பதை அவர்களின் 2003 ஆய்வு சொல்கிறது.

சிம்மக்கல்லை ஒட்டி ஓடும் வைகை பிறக்கும் வருசநாடு, மேகமலைப் பக்கத்து உயரங்களிலும் பசுமைமாறாக் காடுகள் உண்டு. அங்கே ஒரு பெருமரத்தை வெட்டினால், பதிலுக்கு ஒரு கன்று நட்டு ஈடுகட்ட முடியாது. கன்றுக்கு மேல்மாடி கிடையாது. அது வளர்ந்து பந்தலை எட்டப் பல பத்தாண்டுகள் ஆகும். அதுவரை அந்த மரத்தை நம்பிய வண்டும், வண்டை நம்பிய பூவும் காத்திருக்க இயலாது. மரம் நடுவது சதகா என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். நிற்கும் மரத்தைக் காப்பதையும் சேர்த்தே சொல்வோம்.