குழந்தை மார்பை மறுக்கும் நாள்களில்

நேற்றுவரை ஆவலுடன் பால் குடித்த ஐந்து மாதக் குழந்தை, இன்று மார்பருகே கொண்டுசென்றாலே உடலை வளைத்து அழுகிறது. கீழக்குயில்குடியிலிருந்து வந்த இளந்தாய் ஒருவர் இவ்வாறு சொல்லிக் கண்கலங்கினார். "பால் கெட்டுவிட்டது, புட்டிப்பாலுக்கு மாற்றிவிடு" என்று வீட்டுப் பெரியவர்கள் கூறியிருந்தனர். பால் கெடவில்லை; குழந்தை தாயை வெறுக்கவுமில்லை. சளியால் மூக்கு அடைபட்டிருந்ததே காரணம் என்பதைப் பரிசோதனையில் கண்டோம்.

இத்தகைய மறுப்புக்குக் காதுவலி, வாய்ப்புண், பல் முளைக்கும் வேதனை ஆகியனவும் காரணமாகலாம். புதிய சோப்பு அல்லது வாசனைத் தைலத்தின் மணமும் குழந்தையை விலக்கக்கூடும். மல்லிகையைப் பற்றியும் நம் ஊரில் சொல்லியாக வேண்டும். பால் வற்றுவதற்காக மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டும் வழக்கம் நம்மிடையே உண்டு. அது பால்சுரப்பைக் குறைப்பதை 1988-இல் வெளியான ஆய்வொன்றும் காட்டியது. எனவே மார்பில் பூ வைத்துக் கட்டுவதைப் பாலூட்டும் தாய்மார் தவிர்க்க வேண்டும்.

குழந்தையின் தலையை அழுத்திக் கட்டாயப்படுத்தலாகாது, மறுப்பு வலுப்படும். மார்போடு தோல் படுமாறு அணைத்துக்கொண்டு, அரைத்தூக்கத்தில் இருக்கும்போது மங்கலான ஒளியில் கொடுத்துப் பாருங்கள். வழக்கமாகப் பாலூட்டும் வேளைகள்தோறும் பாலைப் பீய்ச்சி எடுத்தால் சுரப்பு குறையாது, மார்பும் கட்டிக்கொள்ளாது. எடுத்த பாலைப் புட்டியில் அன்றி, நம் பாட்டிமார் பயன்படுத்திய பாலாடையால் புகட்டுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் அப்பாலை நான்கு நாள்வரை வைக்கலாம். பயணத்தின்போது, பேருந்து நிலையங்களில் தமிழக அரசு 2015 முதல் அமைத்துள்ள பாலூட்டும் அறைகளை நாடலாம். இரைச்சலில் கவனம் சிதறும் குழந்தைக்கு அந்த அமைதி உதவும்.

இரண்டு மாதத்திற்குட்பட்ட குழந்தை பால் குடிக்க மறுத்தால் வீட்டில் காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள். எவ்வயதுக் குழந்தையாயினும் காய்ச்சல், சோர்வு, மூச்சுத்திணறல் இருந்தாலோ, ஒரு நாளில் ஆறு முறைக்கும் குறைவாகச் சிறுநீர் கழித்தாலோ தாமதிக்கலாகாது. அவசரமெனில் 108-ஐ அழையுங்கள்.

பெரும்பாலான குழந்தைகள் சில நாள்களிலேயே மீண்டும் மார்புக்குத் திரும்பிவிடுகின்றன. அதுவரை தாயைக் குறைகூறாமல் வீட்டு வேலைகளைப் பகிர்ந்துகொள்வது குடும்பத்தாரின் கடமை. அந்த இளந்தாயின் குழந்தையும் நான்காம் நாள் விடியற்காலையில், உறக்கக் கலக்கத்திலேயே மார்பைப் பற்றிக்கொண்டது. அச்செய்தியை எங்களிடம் முதலில் தெரிவித்தவர், புட்டிப்பாலுக்கு மாற்றச் சொன்ன மாமியாரே.