கடைத்தெருவும் கைப்பேசியும் – 9: உங்கள் போனில் நீங்கள்தான் முதலிடம்

சேலம், நாமக்கல் பக்கம் தொழில் செய்கிற எவருக்கும் இந்த அழைப்பு ஒரு முறையாவது வந்திருக்கும். “சார், உங்க கம்பெனியை கூகுள்ல ஃபர்ஸ்ட் கொண்டுவந்து தர்றோம்.” எஸ்இஓ என்பார்கள், மாதக் கட்டணம் என்பார்கள், ஆறு மாதத்துக்கு முன்பணம் என்பார்கள். சென்ற வாரம் வெப்சைட் தொடங்குவது பற்றிப் படித்துவிட்டு வாசகர்கள் பலர் கேட்டதும் இதைத்தான்: அந்தப் பணத்தைக் கட்டலாமா? முடிவெடுக்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஊருக்கெல்லாம் பொதுவான முதலிடம் என்று ஒன்று இப்போது கூகுளில் கிடையாது. தேடுகிறவர் யார், எங்கே நின்று தேடுகிறார் என்பதைப் பொறுத்து வரிசை மாறிவிடும்.

திருச்செங்கோட்டையே எடுத்துக்கொள்வோம். போர் போடும் ரிக் வண்டிகளுக்கு இந்தியாவெங்கும் பேர்போன ஊர். டிஎன் 34 நம்பரோடு ரிக்கும், கேசிங் பைப் ஏற்றிய துணை லாரியும் முன்னும் பின்னுமாகக் கர்நாடகத்திலும் தெலங்கானாவிலும் மத்தியப் பிரதேசத்திலும் கிராமத்துச் சாலைகளில் போவதைப் பார்க்கலாம். ஆப்பிரிக்க நாடுகள் வரை இங்கிருந்து வண்டியும் ஆட்களும் போயிருப்பது உண்டு.

அந்த ஊரில் ரிக் உரிமையாளர் ஒருவர் தம் போனை என்னிடம் நீட்டினார். “இங்க பாருங்க, ‘போர்வெல் திருச்செங்கோடு’ன்னு போட்டா நம்ம பேருதான் மொதல்ல வருது. சொன்னபடி செஞ்சு குடுத்துட்டாங்க. ஆனா புதுசா ஒரு போன்கூட வரலீங்க.” அதே அறையில் இருந்த கணக்குப்பிள்ளையின் போனில் அதே சொற்களைத் தட்டினோம். இவர் பெயர் இரண்டாவதாக வந்தது. ஓசூரில் இருக்கும் மைத்துனரைக் கூப்பிட்டு, “மாப்ள, ஊர்ப் பேரு போடாம ‘போர்வெல்’னு மட்டும் தேடி ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பு” என்றார். வந்தது. மேலே மேப், அதற்குக் கீழே ஓசூர்க் கம்பெனிகள் மூன்று, அதற்கும் கீழே ஊர்வாரியாக நிறுவனங்களைப் பட்டியல் போடும் தளங்கள். மைத்துனர் எவ்வளவோ கீழே தள்ளிப் பார்த்தும் திருச்செங்கோடு தென்படவில்லை.

இதில் மர்மம் எதுவும் இல்லை. அவர் தேடியது தம் ஆபீசுக்குள் உட்கார்ந்துகொண்டு. கூகுளின் கணக்கில் அவருக்கும் அவர் கம்பெனிக்கும் இடையே தூரமே இல்லை. போதாக்குறைக்கு ஊர்ப் பெயரையும் சேர்த்துத் தேடினார். கிணறு வற்றிப்போன ஓசூர் விவசாயி திருச்செங்கோடு என்று சேர்த்துத் தட்டுவாரா? ‘போர்வெல்’ என்பார், மிஞ்சினால் ‘பக்கத்தில்’ என்று சேர்ப்பார். ஆக, புது வாடிக்கையாளர் யாரும் தேடாத சொல்லில், உரிமையாளர் மட்டும் பார்க்கிற திரையில் முதலிடம் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். இதற்கு மாதாமாதம் பணம்!

ஆளுக்கு ஆள் முடிவு மாறுவது புதிதல்ல. தொடக்கத்தில் கூகுள் கணக்கில் நுழைந்து தேடுகிறவர்களுக்கு மட்டும்தான் பழைய தேடல்களைப் பார்த்து வரிசையை மாற்றினார்கள். 2009 டிசம்பரில் அது எல்லோருக்கும் ஆனது. கணக்கே இல்லாதவருக்கும், பிரவுசரில் தங்கியிருக்கும் குக்கியை வைத்து, கடந்த 180 நாட்களில் தேடியதும் திறந்ததும் கணக்கில் சேர்ந்தன. நம் விருப்பத்துக்கு ஒத்ததை மட்டுமே பார்த்து ஒரு குமிழிக்குள் அடைபட்டுவிடுவோம் என்று எலி பாரிசர் என்பவர் 2011இல் புத்தகமே எழுதினார். கடைக்காரருக்கு அதைவிடப் பயன்படுவது 2013இல் அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சொன்னது. 200 பேரின் தேடல்களை ஒப்பிட்டதில், தனிப்பயனாக்கத்தால் மாறியவை சராசரியாக 11.7 சதவீத முடிவுகள். அளந்து காட்டும்படி மாற்றத்தை உண்டாக்கியவை இரண்டே: கணக்கில் நுழைந்திருப்பது, ஐபி முகவரி காட்டும் இடம். 2015இல் வந்த அடுத்த ஆய்வு இடத்தை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தது. தூரம் கூடக் கூட முடிவுகளின் வேறுபாடும் கூடியது. உள்ளூர்த் தேவைகளைத் தேடும்போது அது இன்னும் அதிகம். பழைய தேடல் வரலாற்றால் வரும் மாற்றம் மிகக் குறைவு, இடமும் சற்றுமுன் தேடியதுமே முக்கியம் என்று கூகுளும் 2018இல் சொல்லிவிட்டது.

ஆங்கிலத்தில் ‘சேலம்’ என்று அஸ்தம்பட்டியில் தட்டினால் நம் மாநகரம் வரும். பாஸ்டன் பக்கத்தில் தட்டினால் 1692இல் சூனிய வழக்குகள் நடந்த மாசசூசெட்ஸ் சேலம் முன்னுக்கு வரும். போர்ட்லாந்து பக்கம் போனால் ஓரிகன் மாநிலத்தின் தலைநகரான இன்னொரு சேலம். வெளிநாட்டுத் தமிழருக்கு மாம்பழமோ கொலுசோ விற்க நினைக்கிறவர் ‘சேலம்’ என்பதோடு தமிழ்நாடு, இந்தியா என்பதையும் தம் பக்கத்தில் தெளிவாக எழுதி வைக்க வேண்டும்.

மேப்பில் எந்தக் கடை மேலே வர வேண்டும் என்பதற்குக் கூகுள் வெளிப்படையாகச் சொல்லும் அளவுகோல்கள் பொருத்தம், தூரம், பிரபலம். 2015 ஆகஸ்ட் வரை மேப் பெட்டியில் ஏழு கடைகள் காட்டினார்கள். அதன் பிறகு மூன்றுதான். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுக் கடைகள் எத்தனை! அத்தனையும் அந்த மூன்று இடத்துக்குப் போட்டி போடுகின்றன. அம்மாபேட்டையில் நின்று தேடுகிறவருக்கு ஒரு மூன்று கடை வந்தால் ஐந்து ரோட்டில் நிற்பவருக்கு வேறு மூன்று வரலாம். தூரத்தைக் கடைக்காரர் மாற்ற முடியாது. மற்ற இரண்டும் அவர் கையில் இருக்கின்றன: சரியான தொழில் வகை, நேரம், போன் நம்பர், படம், வாங்கியவர்கள் உண்மையாக எழுதிய ரிவ்யூ.

ரிக் தொழிலுக்கு இந்தக் கணக்கு பொருந்தவே இல்லை என்பது என் கருத்து. மேப்பின் ஏற்பாடு வாசல் வைத்த கடைக்காக வந்தது. வாடிக்கையாளரைத் தேடிப் போகும் தொழில்களுக்குச் சேவைப் பகுதி என்று 20 இடங்கள் வரை குறிக்கலாம். ஆனால் தொழில் இருக்கும் இடத்திலிருந்து சுமார் இரண்டு மணி நேரம் வண்டியில் போகும் தூரத்தைத் தாண்டக் கூடாது என்பது கூகுளின் விதி. திருச்செங்கோட்டிலிருந்து சேலமும் ஈரோடும் கரூரும் அதற்குள் வரும். தெலங்கானா வராது. மாதக்கணக்கில் வெளிமாநிலத்தில் ஓடும் வண்டிக்கு இந்த எல்லை எப்படிப் போதும்?

அதனால்தான் சிலர் ஓசூரில் உறவினர் வீடு, பெங்களூரில் தெரிந்தவர் கடை என்று முகவரி கொடுத்துப் பல ஊர்களில் பதிவு செய்யப் பார்க்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். உண்மையில் ஆபீசும் ஆட்களும் இல்லாத இடத்தில் பதிவு செய்தால் கூகுள் அதை முடக்கிவிடலாம். வருடக்கணக்கில் சேர்ந்த ரிவ்யூவும் அதோடு கண்ணில் படாமல் போகும். வேறு வழி இருக்கிறது. மேப் பெட்டிக்குக் கீழே வரும் சாதாரண முடிவுகளில் தூரத்தின் பிடி அவ்வளவு இறுக்கமில்லை. எந்த மாவட்டத்தில், என்ன பாறையில், எத்தனை அடி ஓட்டினீர்கள், எத்தனை அடிக்கு கேசிங் இறக்கினீர்கள், எத்தனையாவது அடியில் தண்ணீர் வந்தது என்று படத்தோடு ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பக்கம் எழுதுங்கள். கர்நாடகத்தில் ஓட்டியதைக் கன்னடத்திலும் எழுத ஆள் பிடியுங்கள். அந்த மண்ணில் போர் போட நினைப்பவர் தேடுவது இதைத்தான்.

வண்டியின் பக்கவாட்டில் பெரிய எழுத்தில் பெயர் எழுதியிருக்கிறீர்கள் அல்லவா? அந்தப் பெயர் எழுத்து மாறாமல் பில்லிலும் வெப்சைட்டிலும் மேப்பிலும் இருக்கட்டும். பக்கத்துக் காட்டில் தண்ணீர் வந்ததைப் பார்த்த விவசாயி அந்தப் பெயரைத்தான் தட்டுவார். பெயர் சொல்லித் தேடுகிறவருக்கு எந்த ஊரில் இருந்தாலும் பெரும்பாலும் நீங்கள்தான் வருவீர்கள்.

ஜவ்வரிசியின் கதை வேறு. 1981இல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவு, 2023இல் கிடைத்த புவிசார் குறியீடு என்று சேலம் ஜவ்வரிசிக்குப் பெயர் குறைவில்லை. வாங்குகிறவர் பெரும்பாலும் வடக்கே இருக்கிறார். விரத நாட்களுக்குக் கிச்சடி செய்கிற மகாராஷ்டிரத்தில் அதற்குப் பெயர் சாபுதானா. அந்தச் சொல்லே இல்லாத ஆலை வெப்சைட்டைப் புனே வியாபாரியிடம் கூகுள் எப்படிக் கொண்டுபோய்ச் சேர்க்கும்? இளம்பிள்ளைச் சேலைக்கும் இதே நிலைதான். ஏற்கெனவே வாங்குகிறவர் உங்கள் பக்கத்தை அடிக்கடி திறப்பதால் அவர் திரையில் நீங்கள் சற்று மேலே தெரியலாம். அதைப் பார்த்து வியாபாரம் பெருகுகிறது என்று எண்ணிவிடக் கூடாது.

அப்படியானால் நம் நிலையை எப்படித்தான் அறிவது? இன்காக்னிட்டோவில் தேடினால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். அது பழைய வரலாற்றை மறைக்குமே தவிர நீங்கள் இருக்கும் இடத்தை மறைக்காது. கூகுளே இலவசமாகத் தரும் சர்ச் கன்சோலைப் பாருங்கள். உண்மையில் தேடியவர்கள் என்ன சொல்லைத் தட்டினார்கள், அவர்களுக்கு உங்கள் பக்கம் சராசரியாக எத்தனையாவதாக வந்தது, எத்தனை பேர் திறந்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். மேப் பதிவிலும் எத்தனை பேர் அங்கிருந்து போன் செய்தார்கள், வழி கேட்டார்கள் என்ற கணக்கு உண்டு. 2024 ஆகஸ்டிலிருந்து இந்தியாவிலும் பல தேடல்களுக்கு ஏஐ எழுதிய சுருக்கம் மேலே வந்துவிடுகிறது. முதல் லிங்க்கே அதற்குக் கீழே போய்விட்டது. முதலிடம் என்ற ஒற்றை எண்ணை நம்பிப் பணம் கட்ட இது காலமில்லை.

முதலிடத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. நல்ல வேலை செய்கிற எஸ்இஓ ஆட்களும் நம் ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் அப்படி வாக்குக் கொடுப்பதில்லை. அடுத்த முறை அந்த அழைப்பு வந்தால், எந்தச் சொல்லுக்கு, எந்த ஊரில் தேடுகிறவருக்கு என்று கேளுங்கள். சர்ச் கன்சோலும் மேப் பதிவும் உங்கள் பெயரிலேயே இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். இதற்கு மழுப்புகிறவருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

(தொடரும்)