முளைக்குச்சியும் எல்லைக்கல்லும்



பால்மரக் காட்டில் உழைத்தவர்களுக்கு எல்லை என்றால் என்னவென்று நான் சொல்லித் தர வேண்டியதில்லை. தம் வெட்டு எந்த நிரையில் தொடங்குகிறது, எந்த மரத்தோடு முடிகிறது என்பதை விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போகும்போதே அறிவார்கள். பக்கத்து வெட்டுக்காரரின் மரத்தில் கத்தி பட்டுவிட்டால் மறுநாள் பிரட்டுக் களத்தில் பஞ்சாயத்துத்தான். அப்படிப்பட்ட நம் மக்கள், வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்து ஒரு துண்டு நிலம் வாங்கும்போது மட்டும், தரையில் அடித்திருக்கும் நான்கு குச்சிகளைப் பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறார்கள். ஆகவேதான் இன்று நில அளவையைப் பற்றியும், அளவையாளரை அமர்த்திக்கொள்வது பற்றியும் பேச எடுத்துக்கொண்டேன்.

எங்கள் தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால் வெட்டிய பெரியவர் ஒருவர், ஒருநாள் பள்ளி விட்ட நேரத்தில் என்னைத் தேடி வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதனுள்ளே சில தாள்கள்.

"சார், இதக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. வீடு கட்டலாம்னு போனா ஆபீசுல முடியாதுங்கறாங்க" என்றார்.

"இடத்தை யாருண்ணே அளந்தது?"

"சர்வேயர்தான் சார். மூணு கால் மிஷின் வெச்சு நாள் முழுக்க அளந்தாங்க. நானே நின்னு பாத்தேன். செவப்புப் பெயிண்டு அடிச்ச குச்சி இன்னும் அங்கயே இருக்கு."

தாள்களை விரித்துப் பார்த்தேன். முதலாவது ஒரு வரைபடம். நாற்பதடிக்கு எண்பதடியாக இருபது மனைகள், நடுவே சாலை, இவருடைய மனைக்கு மட்டும் மஞ்சள் வண்ணம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் படத்தின் தலைப்பில் 'சாடாங்கான்' என்ற மலாய்ச் சொல் இருந்தது. அதற்கு முன்மொழிவு என்று பொருள். விற்றவரின் எண்ணம் அது. அதற்கு அரசாங்கம் ஒப்புதல் அளித்ததற்கு அடையாளம் எதுவும் அதில் இல்லை. இரண்டாவது தாள் கிராண்டின் நகல். அதில் நிலத்தின் பரப்பு இரண்டு ஏக்கர், வகை விவசாயம், உரிமையாளர்கள் இருபது பேர், ஒவ்வொருவருக்கும் இருபதில் ஒரு பங்கு என்று எழுதியிருந்தது.

இதன் பொருளை அவருக்கு எடுத்துச் சொல்ல எனக்கு வெகுநேரம் பிடித்தது. 'இந்த மூலை உனக்கு, அந்த மூலை அவருக்கு' என்று கிராண்ட் சொல்லவில்லை. அந்த இரண்டு ஏக்கரின் ஒவ்வொரு சாண் மண்ணிலும் இருபது பேருக்கும் பங்குண்டு என்றுதான் சொல்கிறது. குச்சி அடித்த இடத்தை அவர் தம்முடையதென நினைக்கலாம். மற்றப் பத்தொன்பது பேரும் ஒத்துக்கொள்ளலாம். பதிவேட்டில் அப்படி ஒரு மனை இல்லவே இல்லை. மலாய்க்காரர்கள் இத்தகைய நிலத்தை 'லோட் லிடி' என்கிறார்கள். லிடி என்பது தென்னை ஈர்க்கு. ஈர்க்கு ஈர்க்காகக் கிழித்து விற்பதால் அந்தப் பெயர்.

பிறகு பிரித்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். அங்கேதான் சிக்கல். தீபகற்ப மலேசியாவின் நில விவகாரங்களை ஆள்வது 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டம். (சபா, சரவாக் மாநிலங்களுக்குத் தனிச் சட்டங்கள் உள்ளன.) இச்சட்டப்படி விவசாய நிலத்தைப் பிரிக்கும்போது ஒவ்வொரு துண்டும் பொதுவாக ஒரு ஹெக்டாரில் ஐந்தில் இரண்டு பங்குக்குக் குறையக் கூடாது. ஏறக்குறைய ஒரு ஏக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஏக்கருக்கு 43,560 சதுர அடி. பெரியவர் வாங்கிய மனையோ 3,200 சதுர அடி. எத்தனை நேர்மையான அளவையாளர் வந்து எத்தனை துல்லியமாக அளந்தாலும், அந்த அளவில் விவசாயத் துண்டுக்குத் தனிக் கிராண்ட் வாங்கித் தர அவரால் ஆகாது. நிலத்தின் வகையைக் கட்டடத்துக்கு மாற்றிக்கொண்டால் வழி உண்டு. அதற்குப் பங்குதாரர் அனைவரும் ஒன்றுசேர்ந்து மனுச் செய்ய வேண்டும். திட்டமிடல் அனுமதி பெற வேண்டும். மாநில அரசுக்குப் பிரீமியத் தொகை கட்ட வேண்டும். இருபது பேரில் ஒருவர் இறந்து அவர் பிள்ளைகள் பெயர் மாற்றாமல் விட்டிருந்தாலும் போதும், கோப்பு நகராது.

ஆகவே, அளவையாளரைத் தேடுமுன் போக வேண்டிய இடம் நில அலுவலகம். சில கிராண்டுகள் மாவட்ட நில அலுவலகத்திலும், சில மாநில நில, கனிமவள அலுவலகத்திலும் பதிவாகியிருக்கும். நிலத்தின் எண்ணும் முக்கிம் பெயரும் தெரிந்தால், கட்டணம் செலுத்தி 'சாரியான்' என்னும் பதிவேட்டுத் தேடுதலைச் செய்துகொள்ளலாம். விற்பவர் காட்டும் நகல் எந்த ஆண்டில் எடுத்ததோ, யாருக்குத் தெரியும்? தேடுதல் தாளில் இன்றைய உரிமையாளர் யார், முழு நிலமா பங்கா, வங்கியில் அடமானம் இருக்கிறதா, யாராவது கேவியட் போட்டிருக்கிறார்களா, விற்பதற்கு ஏதேனும் தடை எழுதப்பட்டிருக்கிறதா என்பதெல்லாம் தெரிந்துவிடும். நம் நாட்டு நிலமுறை 1858இல் தென் ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டோரன்ஸ் கொண்டுவந்த முறையைப் பின்பற்றியது. அதில் பதிவேடுதான் பேசும். பழைய ரசீதும், கையெழுத்துப் போட்ட வெள்ளைத்தாளும், தலைவர் முன்னிலையில் கொடுத்த வாக்கும் அதற்குப் பின்னால்தான் நிற்க வேண்டும்.

கிராண்டில் 'எச்.எஸ்.' என்ற எழுத்துகள் இருந்தால் அது தற்காலிக உரிமைப் பத்திரம். 'ஹக்மிலிக் செமெந்தாரா' என்பதன் சுருக்கம். அதற்கு லோட் எண் இராது, 'பி.டி.' எண் இருக்கும். வீடமைப்புத் திட்டங்களில் இது சாதாரணமாக நடப்பதுதான், பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அதில் கண்ட பரப்பளவு முடிவானதன்று. இறுதி அளவை நடந்தபின் சில அடிகள் கூடலாம், குறையலாம். அந்த நிலையில் எல்லையை ஒட்டிக் கற்சுவர் எழுப்புவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஒரு நிலம் முறையாக அளக்கப்பட்டது என்று சட்டம் எப்போது ஏற்கும் தெரியுமா? எல்லைக் கோடுகள் நேர்கோடுகளாக நிர்ணயிக்கப்பட வேண்டும். தரையில் எல்லைக்கற்கள் நாட்டப்பட வேண்டும். லோட் எண் வழங்கப்பட வேண்டும். 'பெலான் அகுய்' என்னும் சான்றளிக்கப்பட்ட வரைபடத்துக்கு அளவைத்துறை இயக்குநரின் ஒப்புதல் கிடைக்க வேண்டும். இத்தனையும் நடந்தால்தான். அந்த வரைபடங்களை அளவை, வரைபடத் துறை வைத்திருக்கிறது. பழைய படங்களில் தூரம் செயின், லிங்க் கணக்கில் இருக்கும். ஒரு செயின் 66 அடி, ஒரு செயினுக்கு 100 லிங்க், பத்துச் சதுரச் செயின் ஓர் ஏக்கர். பழைய கிராண்டுகளில் ஏக்கரோடு ரூட், போல் என்றும் எழுதியிருக்கும். நான்கு ரூட் ஓர் ஏக்கர். நாற்பது போல் ஒரு ரூட். வீட்டில் தாத்தா காலத்துக் கிராண்ட் இருந்தால், பிள்ளைகளை உட்கார வைத்து இந்தக் கணக்கைப் போடச் சொல்லுங்கள். என் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு நான் கொடுப்பதுண்டு.

இனி அளவையாளர். மூன்றுகால் கருவி வைத்திருப்பவரெல்லாம் அளவையாளர் ஆகிவிட மாட்டார். உரிமை எல்லைகளை அளக்கத் தனியாரில் உரிமம் பெற்றவருக்கே அதிகாரம் உண்டு. 1958ஆம் ஆண்டின் உரிமம் பெற்ற நில அளவையாளர் சட்டம் அதற்காகவே இருக்கிறது. மலாயில் 'ஜூருஊக்குர் தானா பெர்லேசென்' என்பார்கள். உரிமம் உள்ளவரா என்பதை நில அளவையாளர் வாரியத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கேட்க வெட்கப்படாதீர்கள். மோட்டார் சைக்கிள் வாங்கும்போது எஞ்சின் எண்ணைப் பார்க்கிறோம் அல்லவா!

அவரை அமர்த்துவது நீங்களாக இருக்க வேண்டும். விற்பவரே அழைத்துவந்து, விற்பவரே கூலி கொடுக்கும் அளவையாளர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவர் பதில் சொல்ல வேண்டியது விற்பவருக்கு. நீங்கள் போகும்போது தேடுதல் தாளையும் கிராண்ட் நகலையும் எடுத்துச் செல்லுங்கள். என்ன வேலை வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். காணாமற்போன கல்லைத் திரும்ப நாட்டுவது ஒரு வேலை. அண்ணன் தம்பிகளுக்குள் நிலம் பிரிப்பது வேறு வேலை. அதற்கு முதலில் நில அலுவலக ஒப்புதல் வேண்டும். வீடு கட்டுமுன் மேடு பள்ளம் அளப்பது இன்னொன்று. கட்டணம் எவ்வளவு, கல்லும் வரைபடமும் அதில் அடங்குமா, அலுவலகத்துக்குக் கட்டும் பணம் தனியா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கட்டணத்துக்கு விதிமுறைப்படி அட்டவணை உண்டு, கேட்டால் காட்டுவார்கள். ரசீது இல்லாமல் ஒரு வெள்ளியும் கொடுக்க வேண்டாம்.

அளக்கும் நாளில் வீட்டில் ஒருவராவது உடனிருங்கள். பக்கத்து நிலத்துக்காரரையும் அழையுங்கள். அவர் கண்முன் கல் வெளிப்பட்டால் பின்னால் பேச்சுக்கு இடமில்லை. அளவையாளர் பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு முதலில் பழைய கற்களைத்தான் தேடுவார். லாலாங் புல்லைப் பாராங் கத்தியால் வெட்டி, மண்ணைக் கிளறினால் ஒரு முழ ஆழத்தில் கல் கிடப்பதும் உண்டு. ஒரு கல் கிடைத்தால் அதிலிருந்து கோணமும் தூரமும் கணக்கிட்டு அடுத்ததைத் தேடுவார்.

கிடைத்த கல்லைப் பிடுங்காதீர்கள். சுவர் கட்டும் கொத்தனார் இடைஞ்சலாக இருக்கிறதென்று தூக்கிப் போட்டுவிடுவார். புல்டோசர்காரர் பார்க்கவே மாட்டார். எல்லைக்கல்லைப் பாதுகாப்பது உரிமையாளரின் கடமை என்கிறது சட்டம். அதை அகற்றுவதோ இடம் மாற்றுவதோ குற்றம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாத் தோட்டத்திலும் இதைக் கேட்டிருக்கிறேன். "இருபது வருசமா நாங்கதான் வேலி போட்டு வாழை வெச்சிருக்கோம், இனி எங்களுதுதான்" என்பார்கள். சில நாடுகளில் அப்படிச் சட்டம் உண்டு. இங்கே இல்லை. பிறர் பெயரில் பதிவான நிலத்தை எத்தனை காலம் அனுபவித்தாலும் உரிமையாளர் திரும்பக் கேட்கலாம். அரசாங்க நிலத்திலும் அனுபவத்தால் உரிமை வராது. நம் வேலி அடுத்தவர் நிலத்துக்குள் போயிருந்தாலும் இதே நியாயம்தான். அளவையாளர் நமக்குப் பாதகமாகச் சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது.

அந்தப் பெரியவர் தம் சேமநிதிப் பணத்தில் பெரும்பகுதியை அந்த மனையில் போட்டிருந்தார். இருபது பங்குதாரர்களையும் தேடிப் பிடிக்க ஓராண்டு ஆயிற்று. பாதிப் பேர் வேறு வேறு தோட்டங்களிலும் பட்டணத்திலும் இருந்தார்கள். பதினெட்டுப் பேர் நிலவகை மாற்ற மனுவில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். ஒருவர் காலமாகிவிட்டார், அவர் மகள் இப்போதுதான் வாரிசுப் பத்திரத்துக்கு அலைகிறாள். மற்றொருவர், தமக்குச் சாலையோரத்து மனை வேண்டும் என்று ஒப்புக்கொள்ளாமல் இருக்கிறார். சென்ற மாதம் பெரியவரோடு அந்த இடத்துக்குப் போயிருந்தேன். சிவப்புக் குச்சிகளில் இரண்டைக் கரையான் தின்றிருந்தது. அவர் அதே இடத்தில் வேறு இரண்டு குச்சிகளைச் சீவி நட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை.