உங்களுக்குத் தெரியுமா? 941 வந்தால் வயர் சுத்தம்!

கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலடியில் ஒரு கடை என்று வையுங்கள். கீழே பில் போடும் கணினி, மேல்மாடியில் கணக்குப் பார்க்கும் கணினி. இரண்டுக்கும் இடையே கேபிளில் ஃபைல் ஆமை வேகத்தில் போனால் முதல் ஏச்சு விழுவது இன்டர்நெட் கம்பனிக்குத்தான். பாவம், அந்தப் பாதையில் இன்டர்நெட்டே இல்லை!

உண்மையை அறிய ‘ஐபெர்ஃப்3’ என்ற இலவச மென்பொருள் போதும். அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஈஎஸ்நெட் உருவாக்கியது. பட்டன், படம் எதுவும் கிடையாது. கட்டளையைத் தட்ட வேண்டும். ஒரு கணினி காத்திருக்கும், மற்றது 10 விநாடி தரவைக் கொட்டும். டேட்டா பக்கேஜில் ஒரு சதமும் குறையாது.

கிகாபிட் கேபிளில் விநாடிக்கு 1000 வராது, சுமார் 941 மெகாபிட்தான் வரும். ஒவ்வொரு 1538 பைட்டிலும் நம் சரக்கு 1448. மிச்சமெல்லாம் முகவரி, இடைவெளி போன்றவை.

94 என்று காட்டுகிறதா? கேபிளைப் பாருங்கள். கிகாபிட்டுக்கு எட்டு வயரும் வேண்டும், 100 மெகாபிட்டுக்கு நான்கே போதும். மற்ற நான்கில் ஒரு வயரை எலி கடித்திருந்தால், பல கணினிகள் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். லைட் மட்டும் வழக்கம்போல மின்னும்.