சுருட்டை முடிக்கு எண்ணெய் ஓகே... தலைச்சருமத்துக்கு?

தலையைச் சொறிந்தால் தோளில் வெள்ளைத் துகள்கள் உதிர்கின்றன. “முடி காஞ்சுபோய்க் கெடக்கு, நல்லா எண்ணெய் வை” என்பதுதான் சுருட்டை முடிக்காரர்களுக்கு வீட்டில் கிடைக்கும் முதல் அட்வைஸ். ஆனால், உதிர்வது பொடுகு என்றால், அந்த எண்ணெயே பிரச்னையைக் கூட்டிவிடலாம். எப்படி?

நுனியில் வறட்சி, வேரில் பிசுக்கு

நம் தலைச்சருமத்தில் ‘சீபம்’ எனும் எண்ணெய் இயல்பாகவே சுரக்கிறது. நேரான முடியில் இது வழுக்கிக்கொண்டு நுனிவரை இறங்கிவிடும். சுருட்டை முடியிலோ வளைவுகளைத் தாண்டி இறங்குவது கஷ்டம். அதனால் நுனி வறண்டிருக்கும்போதே வேர்ப்பகுதி பிசுபிசுப்பாக இருக்கும். ஒரே தலைதான், ஆனால் தேவை இரண்டு!

பொடுகு ஏன் வருகிறது?

‘மலசீசியா’ என்ற பூஞ்சை கிட்டத்தட்ட எல்லோர் தலையிலும் இருக்கிறது. சீபத்தில் உள்ள கொழுப்புதான் அதன் சாப்பாடு. அதைச் சிதைக்கும்போது உருவாகும் பொருட்கள் சிலருக்கு எரிச்சலைத் தர, தோல் செல்கள் வேகவேகமாக உதிர்கின்றன. அதுதான் பொடுகு. சாதாரண வறட்சி என்றால் துகள்கள் சிறிதாக, உலர்ந்து இருக்கும். பொடுகு பெரும்பாலும் சற்றுப் பெரிதாக, பிசுக்கோடு, அரிப்போடு இருக்கும்.

அப்போ எண்ணெயே வேண்டாமா?

வேண்டும், ஆனால் முடிக்கு மட்டும். தலைக்குக் குளிக்கும் முன் தேங்காய் எண்ணெய் தடவினால் முடியிலிருந்து புரதம் வெளியேறுவது குறைகிறது என 2003-ல் வெளியான இந்திய ஆய்வு ஒன்று சொல்கிறது. எனவே குளிப்பதற்கு முன், முடியின் நடுப்பகுதியில் தொடங்கி நுனிவரை தடவுங்கள். பொடுகு இருந்தால் வேர்ப்பகுதியை விட்டுவிடுங்கள்.

ஷாம்பூவைத் தவிர்க்கலாமா?

லோரெய்ன் மாசியின் 2001-ம் ஆண்டு புத்தகம் மூலம் பரவிய ‘கர்லி கேர்ள்’ முறையில், ஷாம்பூவுக்குப் பதில் கண்டிஷனரால் அலசுவார்கள். முடிக்கு அது மென்மைதான். ஆனால் நம்ம ஊர் வெயிலில் வியர்வை, தூசு, ஸ்டைலிங் ஜெல் எல்லாம் தலையிலேயே தங்கிவிடும். வாரத்துக்கு ஒன்றிரண்டு முறையாவது ஷாம்பூ அவசியம். விரல் நுனிகளால் தலைச்சருமத்தில் மட்டும் தேயுங்கள், நகம் வேண்டாம். வழியும் நுரையே முடிக்குப் போதும். கண்டிஷனர் காதுக்குக் கீழே மட்டும்.

பொடுகுக்கு 2% கீட்டோகோனசோல் ஷாம்பூவை வாரம் இருமுறை, 2 முதல் 4 வாரங்கள் பயன்படுத்துவது வழக்கம். தடவி 3 முதல் 5 நிமிடம் விட்டு அலச வேண்டும். கர்ப்பிணிகள், குழந்தைகளுக்கு மருத்துவரிடம் கேட்காமல் வேண்டாம்.

எப்போது பயப்பட வேண்டும்?

தினமும் 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. சுருள்களுக்குள் சிக்கியவை குளிக்கும் அன்று கொத்தாக வரும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

ஆனால் காசு அளவுக்கு வழுக்கை, தடித்த வெள்ளிநிறச் செதில், சீழ் இருந்தால் தோல் மருத்துவரைப் பாருங்கள். இறுக்கமாகப் பின்னி, நெற்றியோர முடி பின்வாங்கினாலும் தாமதிக்காதீர்கள். ஆரம்பத்திலேயே பின்னலைத் தளர்த்தினால் முடி திரும்ப வளரும். வேர்க்கால் தழும்பாகிவிட்டால், எந்த எண்ணெய் வைத்தாலும் வளராது.