டேலன்ட் ரெடி, கம்பெனி எங்கே? டேட்டா சயின்ஸ் ஸ்டார்ட்அப்களுக்கு ‘கேகிள்’ சொல்லும் பாடம்

“ஒரு பக்கம் வேலை தெரிஞ்சவங்க, இன்னொரு பக்கம் வேலை வெச்சிருக்கிற கம்பெனிங்க. நடுவுல நம்ம ஆப். கமிஷன் நமக்கு!” ஸ்டார்ட்அப் கனவோடு இருக்கும் நண்பர்கள் கூடினால் இந்த ஐடியா கட்டாயம் வந்துவிடும். கேட்க ரொம்ப சிம்பிள். ஆனால், டேட்டா சயின்டிஸ்ட்டுகளையும் கம்பெனிகளையும் இணைத்து உலகப் புகழ்பெற்ற ‘கேகிள்’ நிறுவனமே இதில் பல வருஷம் திணறியது. ஏன்? வாங்க, பார்க்கலாம்.

எப்படித் தொடங்கியது?

கேகிளைத் தொடங்கியவர் ஆண்டனி கோல்ட்புளூம். ஆஸ்திரேலிய நிதித்துறையிலும் அந்நாட்டு ரிசர்வ் வங்கியிலும் பொருளாதார நிபுணராக இருந்தவர். கம்பெனிகளிடம் டேட்டா குவிந்துகிடக்கிறது. அதை அலசத் தெரிந்தவர்கள் வேறெங்கோ இருக்கிறார்கள். இந்த இடைவெளியைத்தான் அவர் பிடித்துக்கொண்டார். 2010-ல் மெல்போர்னில் கேகிள் பிறந்தது.

முதல் போட்டி, ஐரோப்பாவின் ‘யூரோவிஷன்’ பாட்டுப் போட்டியில் யாருக்கு எவ்வளவு ஓட்டு விழும் என்று கணிப்பது. பரிசு 1,000 டாலர்.

போட்டி எப்படி நடக்கும்?

கம்பெனி ஒரு கேள்வியையும் டேட்டாவையும் பரிசுத் தொகையையும் கொடுக்கும். டேட்டாவின் ஒரு பகுதிக்கு மட்டும் விடை தெரியும். மீதிக்கான விடை ரகசியம். போட்டியாளர்கள் கணித்து அனுப்பினால், சிஸ்டம் மார்க் போட்டு ரேங்க் காட்டும்.

இதில் ஒரு ட்விஸ்ட் உண்டு. நடுவில் காட்டும் ரேங்க், ரகசிய டேட்டாவின் ஒரு பகுதியை வைத்து மட்டுமே. இறுதி ரேங்க் இன்னொரு பகுதியை வைத்து. மாதிரி வினாத்தாளை மனப்பாடம் செய்தவர் மெயின் எக்ஸாமில் மாட்டிக்கொள்வது போல, ஸ்கோரை மட்டும் துரத்தியவர்கள் கடைசி நாளில் சரிந்துவிடுவார்கள்.

இங்கே டிகிரியை யாரும் கேட்பதில்லை. கணிப்பு சரியா என்பது மட்டுமே கணக்கு. அதனால் கூட்டம் சேர்ந்தது. நிறுவனம் சான் பிரான்சிஸ்கோவுக்கு நகர்ந்தது. 2011 நவம்பரில் 1.1 கோடி டாலர் முதலீடும் வந்தது.

அப்புறம் என்ன பிரச்சினை?

கம்பெனிகள்தான்! போட்டி நடத்த பரிசுப் பணம் மட்டும் போதாது. வாடிக்கையாளர்களின் அடையாளத்தை நீக்கி டேட்டாவைத் தயார் செய்ய வேண்டும். அதைவிடக் கஷ்டம், கேள்வியைச் சரியாகக் கேட்பது. “எங்க சேல்ஸை ஏத்தணும்” என்பது ஆசை. “அடுத்த மாசம் எந்தக் கஸ்டமர் நம்மளை விட்டுப் போவார்?” என்பதுதான் கேள்வி. ஆசையிலிருந்து கேள்விக்கு வர, கம்பெனிக்கு உள்ளேயே விஷயம் தெரிந்த ஆள் வேண்டும்.

இரண்டாவது சிக்கல், திரும்பி வராத கஸ்டமர். கல்யாணத் தரகருக்கு ஒரு ஜோடியிடம் ஒருமுறைதான் கமிஷன். கேள்விக்கு விடை கிடைத்த கம்பெனிக்கும் அடுத்த மாதம் போட்டி தேவைப்படாது. நல்ல ஆளை அடையாளம் கண்டுகொண்டால், நேரடியாக வேலைக்கே எடுத்துவிடலாம்.

விடை கிடைத்தாலும் அது பயன்படும் என்று சொல்ல முடியாது. கேகிளுக்கு முன்பே, 2006-ல் நெட்ஃபிளிக்ஸ் 10 லட்சம் டாலர் போட்டி அறிவித்தது. 2009-ல் ஒரு அணி ஜெயித்தது. ஆனால், அந்த முழு மாடலை நெட்ஃபிளிக்ஸ் பயன்படுத்தவே இல்லை. கிடைக்கும் கூடுதல் துல்லியத்துக்கு அத்தனை இன்ஜினீயரிங் உழைப்பு கட்டுப்படியாகாது என்று விட்டுவிட்டது.

கேகிள் என்ன செய்தது?

சிறந்த போட்டியாளர்களை கன்சல்டன்ட்டுகளாக அனுப்பும் சேவையை 2013-ல் தொடங்கியது. பிறகு, எண்ணெய், எரிவாயு துறைக்கான தீர்வுகளில் இறங்கியது. 2014 தொடக்கத்தில் ஆட்குறைப்பு. அதே ஆண்டின் பிற்பகுதியில் கச்சா எண்ணெய் விலையும் சரிந்தது. எண்ணெய் கம்பெனிகள் செலவைச் சுருக்கும் நேரத்தில் புது சாஃப்ட்வேரை யார் வாங்குவார்கள்?

அதன் பிறகு வந்ததுதான் உண்மையான திருப்பம். போட்டி இல்லாத நாளிலும் யூசர்கள் வந்துகொண்டிருந்தார்கள். பழைய டேட்டாவை எடுத்துப் பயிற்சி செய்தார்கள், அடுத்தவர் கோடைப் படித்தார்கள். அந்த தினசரித் தேவைக்கே கேகிள் வசதி செய்து கொடுத்தது. 2015-ல் பிரவுசரிலேயே கோடை இயக்கி, மற்றவர்களுடன் பகிரும் வசதி. 2016-ல் யார் வேண்டுமானாலும் டேட்டாவைப் பதிவேற்றும் வசதி. 2017 மார்ச்சில் கூகுள் கேகிளை வாங்கியது. சில மாதங்களில் யூசர் எண்ணிக்கை 10 லட்சத்தைத் தாண்டியது.

ஸ்டார்ட்அப் தொடங்குபவர்கள் என்ன யோசிக்கணும்?

* ஒரே கம்பெனி வருஷத்துக்கு எத்தனை முறை உங்களிடம் வரும்? ‘ஒருமுறை’ என்றால், ஒவ்வொரு மாதமும் புது கஸ்டமரைத் தேடி ஓட வேண்டியிருக்கும்.
* முதல் அறிமுகத்துக்குப் பிறகும் உங்களால் என்ன பயன்? ஒப்பந்தம், பேமென்ட், டேட்டா பாதுகாப்பு, வேலையின் தரம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றையாவது நீங்கள் பொறுப்பேற்க வேண்டும். இல்லையென்றால் இரு தரப்பும் போன் நம்பரை மாற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.
* கம்பெனி தன் கேள்வியைச் சரியாக எழுத யார் உதவுவார்? ஆப் அதைச் செய்யாது. உங்கள் டீமில் ஒருவர் உட்கார்ந்து பேச வேண்டும். அதற்கான சம்பளத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

போட்டியில் கலந்துகொள்பவர்களுக்கு?

ஆயிரம் பேர் மோதும் போட்டியில் பரிசு ஓரிருவருக்குத்தான். மற்றவர்கள் கொடுத்த நேரத்துக்குச் சம்பளம் கிடையாது. எனவே, பரிசை நம்பி இறங்காமல், கற்றுக்கொள்ள எத்தனை மணி நேரம் என்று நீங்களே ஒரு கணக்கு வையுங்கள்.

இன்னொன்று, போட்டியில் கேள்வியும் டேட்டாவும் ஓரளவு தயாராகவே கைக்கு வரும். ஆபீஸில் அப்படி வராது. அதனால், நீங்களே ஒரு கேள்வியைப் பிடித்து, அரசுத் தளங்களில் கிடைக்கும் ஒழுங்கற்ற டேட்டாவைச் சுத்தம் செய்து, விடை வரை கொண்டுபோய்ப் பாருங்கள். இன்டர்வியூவில் ரேங்க்கைப் பற்றிப் பேச ஐந்து நிமிஷம் போதும். இந்த புராஜெக்ட்டைப் பற்றி அரை மணி நேரம் பேசலாம்.